தடையில்லை என்கிறார்கள், தாங்குமா?

நாளிதழின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கும் நடுவே, பொடி எழுத்தில் ஒரு கட்டம் வரும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண்களில் அடங்கிய இத்தனை ஏக்கர் நிலம் முழுமைத் திட்டத்தில் விவசாயப் பகுதி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றக் கேட்டு மனு வந்திருக்கிறது. ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றிய இந்த அறிவிப்புகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். சர்வே எண் உட்பிரிவோடு துல்லியமாக இருக்கும். அந்த நிலத்தில் எத்தனை பேர் குடிவருவார்கள், அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், இதுவரை அந்த வயலில் தங்கிய மழை இனி யார் வீட்டுக்குள் நுழையும் என்பது பற்றி ஒரு வரியும் இருக்காது.

முழுமைத் திட்டத்தில் மாறுதல் செய்யும் அதிகாரத்தை 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் தருகிறது. சென்னைப் பெருநகரில் அதைக் கையாள்வது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. மனு வந்ததும் கோப்பு துறை துறையாகப் போகும். வெள்ளம் தேங்கும் இடமா, வாய்க்கால் குறுக்கிடுகிறதா என்று நீர்வளத் துறை பார்க்கும். உள்ளாட்சி தன் கருத்தைச் சொல்லும். ஒவ்வொரு மேசையிலிருந்தும் திரும்பி வரும் காகிதத்துக்குத் தடையின்மைச் சான்று என்று பெயர். இந்தப் பெயரிலேயே சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். தடையில்லை என்றால், என் துறையின் விதிப்படி இதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை என்று பொருள். இத்தனை பேர் வந்தால் இத்தனை தண்ணீரை, இத்தனை வகுப்பறையை, இத்தனை தீயணைப்பு வண்டியை என்னால் தர முடியும் என்பது வேறு வாக்கியம். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்பதில்லை. அதனால் யாரும் எழுதுவதும் இல்லை.

கேட்டால் எப்படிக் கணக்குப் போடுவது? கடினமான கணக்கே இல்லை. பத்து ஏக்கர் நஞ்சையை எடுத்துக்கொள்வோம். அது 4,35,600 சதுர அடி. பொதுவெளிக்காக 10 சதவீதம் விட்டால் 3,92,000 சதுர அடி மிஞ்சும். 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயரமில்லாத கட்டடங்களுக்கே தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப் போல் இரு மடங்கு, என்று அனுமதிக்கின்றன. ஆக, ஏறத்தாழ 7,84,000 சதுர அடி கட்டலாம். வீடு ஒன்றுக்கு 1,000 சதுர அடி, சுவர், படிக்கட்டு, பொது இடம் என்று கழித்து 750 வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர். மொத்தம் 3,000 பேர்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேடு வைத்திருக்கும் அளவு. அப்படியானால் தினமும் 4,05,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் 34 நடை. குடித்த, குளித்த, துவைத்த தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணிப்பு. தினமும் 3,24,000 லிட்டர். ஆளுக்கு அரைக் கிலோ என்றால் ஒன்றரை டன் குப்பை. பத்துக்கு ஒருவர் தொடக்கப் பள்ளி வயதில் இருப்பதாகக் கொண்டால் 300 குழந்தைகள். காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் இரண்டில் ஒரு வீட்டிலிருந்து ஒரு வண்டி கிளம்பினாலும் 375 வண்டிகள். மாட்டு வண்டியும் டிராக்டரும் போன ஊராட்சிச் சாலையில்தான் அவை இறங்கும்.

மழைக் கணக்கு இதைவிட முக்கியம். பத்து ஏக்கரில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 40 லட்சம் லிட்டர். வயலாக இருந்தபோது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வெளியேறியது என்று வைத்துக்கொள்வோம். மீதியை வரப்பு பிடித்தது, மண் குடித்தது. கூரையும் கான்கிரீட்டும் போட்ட பிறகு ஐந்தில் நான்கு பங்கு வெளியேறும். வித்தியாசம் 20 லட்சம் லிட்டர். ஒரு நாள், ஒரு வயல். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ.

குடிநீர்க் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு 55 லிட்டர் என்ற அளவில் வகுக்கப்பட்டது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி, மோட்டார், குழாயின் விட்டம் எல்லாம் அந்த அளவுக்கும் பழைய மக்கள்தொகைக்கும் ஏற்றவை. அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியாகும் நாளில் அதே நிலத்தின் தேவை 135 லிட்டராகிறது, ஆட்கள் பல மடங்காகிறார்கள், தொட்டி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த ஊராட்சிக்கு ஒரு செயலர், ஒன்றிரண்டு தொட்டி இயக்குநர்கள், சில தூய்மைக் காவலர்கள் இருப்பார்கள். அவர்களின் கைகளும் சேர்ந்ததுதான் அந்த ஊரின் திறன். குழாயை மட்டும் அளந்தால் பாதி அளவுதான் கிடைக்கும்.

நிலத்தின் வகையையும் அதற்குக் கிடைக்கும் சேவையையும் சேர்த்தே பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிது என்று யாராவது சொன்னால் வருவாய்த் துறையின் பழைய கணக்குகளை எடுத்துக் காட்ட வேண்டும். நஞ்சை, புஞ்சை என்ற பிரிவே அதுதான். அங்கீகரிக்கப்பட்ட பாசன ஆதாரம் இருந்தால்தான் ஒரு நிலம் நஞ்சை. ஒவ்வோர் ஏரிக்கும் இத்தனை ஏக்கர் ஆயக்கட்டு என்று பதிவு இருந்தது. ஒருபோக நஞ்சை, இருபோக நஞ்சை என்பதெல்லாம் ஏரியில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும் என்பதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. புஞ்சைக்காரர் ஏரித் தண்ணீரை எடுத்துப் பயிர் செய்தால் கணக்கில் தீர்வை ஜாஸ்தி ஏறும். 1865இல் சென்னை மாகாணம் அதற்காகவே பாசனத் தீர்வைச் சட்டம் கொண்டுவந்தது. ஆயக்கட்டை மீறிப் புது நஞ்சை சேர்ந்தால் கடைமடை காயும் என்பது ஊருக்கே தெரியும். மடையைத் திறந்து மூடிய நீர்க்கட்டிக்கு அது மனப்பாடம்.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிப் பேச நான் தயாரில்லை. தலைமடை யாருக்கு, கடைமடை யாருக்கு என்பதைச் சாதியும் தீர்மானித்தது. சேரிக்குக் குடிநீர்க் கிணறே மறுக்கப்பட்ட ஊர்கள் எத்தனையோ. ஆனாலும் ஒரு நிலத்தின் பெயரை மாற்றுவதற்கு முன் அதற்குத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் அந்தக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. விவசாயப் பகுதியைக் குடியிருப்புப் பகுதியாக்கும் இன்றைய அறிவிக்கையில் அந்தக் கேள்வி உதிர்ந்துவிட்டது.

உதிர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கப் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போனால் போதும். 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு அனுமதிக்கப்பட்டது. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று சாலை நெடுக அலுவலகங்கள் எழுந்தன. அவற்றின் பின்னால் வீடுகள் எழுந்தன. அப்போது இவை பேரூராட்சிகள், ஊராட்சிகள். ஆறு வழிச் சாலை 2008இல் வந்தது. 2011இல்தான் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் அதற்குப் பிறகு, தெருத் தெருவாக, இன்னும் முடியாமல் வந்துகொண்டிருக்கின்றன. முதலில் அலுவலகம், அடுத்து வீடு, அதன் பின் சாலை, பின்னர் மாநகராட்சி, கடைசியாகக் குழாய். மெட்ரோ ரயில் தூண்கள் இப்போதுதான் எழுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் எப்படித் திட்டமிட்டிருக்க வேண்டும் என்பதற்கு விடை கிடைக்கும்.

அந்தச் சாலையில் இருக்கும் ஓர் உறவினர் வீட்டில் தங்கியபோது விடியற்காலை நாலரை மணிக்கு விழித்துவிட்டேன். பின்னோக்கி வரும் லாரியின் எச்சரிக்கை ஒலி, பிறகு கீழ்நிலைத் தொட்டிக்குள் தண்ணீர் விழும் இரைச்சல். ஒன்று முடிந்ததும் அடுத்தது. மாலையில் வேறு லாரிகள் வந்தன. அவை கழிவுநீர் எடுக்க வந்தவை. காலையில் ஒரு லாரி கொண்டுவந்து ஊற்றியதை மாலையில் இன்னொரு லாரி உறிஞ்சிக்கொண்டு போகிறது. குடியிருப்போர் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணத்தில் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், சொத்து வரியும் கட்டுகிறார்கள். காலையில் வந்த தண்ணீர் தெற்கே ஏதோ ஒரு கிராமத்தின் கிணற்றிலோ ஆழ்துளைக் குழாயிலோ எடுத்தது. அந்தக் கிராமத்து விவசாயியின் கிணற்று மட்டம் எத்தனை அடி இறங்கியது என்பது எந்தக் கட்டட அனுமதிக் கோப்பிலும் பதிவாகவில்லை. குழாய் இல்லாத இடத்துக்குக் குடியிருப்பு அனுமதி கொடுத்தபோது, இன்னோர் ஊரின் நிலத்தடி நீரையும் சேர்த்தே கொடுத்துவிட்டோம்.

2019 கோடையில் இந்தக் கணக்கு வெளியே வந்தது. பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. இந்தச் சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு 50 தொட்டி வண்டிகள் கொண்ட முதல் ரயில் வந்து சேர்ந்தது. அந்த ரயில் முழுக்கக் கொண்டுவந்த தண்ணீர், நான் மேலே சொன்ன பத்து ஏக்கர் அடுக்ககத்துக்கு ஆறு நாளுக்குத்தான் வரும். ஒரு முழு ரயில்!

கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள். நெம்மேலியில் 2024இல் இன்னொரு 15 கோடி லிட்டர். பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கான பணி. இவை பெரிய சாதனைகள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோப்பில் இந்த எண்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று கவனிக்க வேண்டும். ஆலையின் நிறுவுதிறன் ஒன்று, அது ஆண்டு முழுவதும் சராசரியாகத் தருவது ஒன்று, அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட தெருவின் கடைசி வீட்டுக்கு வந்து சேர்வது இன்னொன்று. ஒரே ஆலையின் ஒரே லிட்டரைப் பத்து மனுக்களுக்கும் காட்டலாம். பத்தும் தனித்தனிக் கோப்பாக இருக்கும்வரை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஏற்கெனவே அனுமதி வாங்கி இன்னும் கட்டி முடிக்காத வீடுகளின் தேவையையும் கழித்த பிறகுதான் மிச்சத் திறன் என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டு. ஆயக்கட்டுப் பதிவேடு அதைச் செய்தது. நமக்கு இன்று அப்படி ஒரு பொதுப் பதிவேடு இல்லை.

பெரிய கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறதே, அங்கே இதெல்லாம் கேட்கப்படுகிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுவோர் தண்ணீர், கழிவுநீர், குப்பை, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். ஆனால் அது கட்டும் கட்டம். நிலத்தின் வகை அதற்கு முன்பே மாறியாயிற்று, விலை ஏறியாயிற்று, நிலம் கைமாறியாயிற்று, வங்கிக் கடனும் வாங்கியாயிற்று. அந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் மனம் வராது. நிபந்தனை போடுவார்கள். பத்து ஏக்கரை இரண்டு இரண்டு ஏக்கராகப் பிரித்து, ஐந்து பேர் ஐந்து ஆண்டுகளில் கட்டினால் அந்த நிபந்தனையும் பலருக்குப் பொருந்தாது. அதனால்தான் கணக்கை வகை மாற்றத்தின் வாசலிலேயே போட வேண்டும் என்கிறேன். முடியாது என்ற பதிலுக்கு அங்கேதான் விலை குறைவு.

இந்தச் சாலையின் அடுக்ககங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதே சாலையை ஒட்டிய கண்ணகி நகரையும் செம்மஞ்சேரியையும் பெரும்பாக்கத்தையும் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். நகரத்தின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களுக்காக 2000 முதல் கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000க்கும் மேல். இங்கே மனுதாரரும் அரசு, அனுமதி தருவதும் அரசு, சேவை தர வேண்டியதும் அரசு. தாங்குமா என்ற கேள்வியை மிக எளிதாகக் கேட்டிருக்கக்கூடிய இடம் இது. ஆனால் ஆட்கள் முதலில் வந்தார்கள். போதிய பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் பிறகு வந்தன. கல்வியாண்டின் நடுவில் இடம் மாற்றப்பட்ட பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள், போக வர ஆகும் நேரத்தாலும் செலவாலும் வேலையை இழந்தார்கள். லிஃப்ட் நின்றால் எட்டாவது மாடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏற வேண்டும்.

திறன் மதிப்பீட்டைப் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் தண்ணீர், சாக்கடை, மின்சாரம், சாலை என்று நிறுத்திக்கொள்ளும். பெரும்பாக்கம் சொல்லித்தருவது வேறு. வேலைக்கு நடந்து போகும் தூரமும் ஒரு பொதுச் சேவை அளவுதான். நகர்த் திட்டமிடலுக்கான மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி என்கின்றன. கட்டடம் இருக்கிறதா என்று அதைச் சரிபார்க்கலாம். அந்தக் கட்டடத்தில் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியுள்ளன, முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அது போதுமா என்று பார்க்க வேறு கண் வேண்டும். பணம் உள்ளவர் லாரித் தண்ணீர் வாங்குவார், தனியார் பள்ளிக்குப் போவார், ஜெனரேட்டர் வைப்பார். சேவைப் பற்றாக்குறையை அவரால் விலை கொடுத்து ஈடுகட்ட முடியும். பெரும்பாக்கத்துக்காரருக்கு அரசின் திறன்தான் முழுத் திறன். ஆகவே ஒரே எண்ணிக்கையில் ஆட்கள் வந்தாலும், வருகிறவர்கள் யார் என்பதைப் பொறுத்துத் தேவையான பொதுச் சேவை கூடும்.

வெள்ளத்துக்கு வருகிறேன். தென்சென்னையின் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை ஏரி ஏரியாக வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக, அதே பழைய மாமல்லபுரம் சாலையைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடையும். 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த சதுப்பு இன்று அதில் சிறு பகுதியே. குப்பைக் கிடங்கு, ரயில் பாதை, அரசு நிறுவனங்கள், அலுவலக வளாகங்கள், குடியிருப்புகள் என்று எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். எந்த ஓர் அனுமதியும் தனியாகச் சதுப்பைக் கொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் தடையில்லை என்ற சான்று இருந்திருக்கும்.

சேவைத் திறன் என்றால் மனிதர் கட்டியதை மட்டும் எண்ணும் பழக்கம் நமக்கு. சதுப்பு நிலம் மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டது. அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, அதனால் அது எந்தத் துறையின் பட்டியலிலும் சேவையாக ஏறவில்லை. பழைய ஏரிகளின் கதையும் அதுதான். மாம்பலம் ஏரி 1920களில் தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. முகப்பேர், அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கம் ஏரித் திட்டம் என்ற பெயரிலேயே வீட்டு வசதி வாரியம் மனைகள் போட்டது. ஆயக்கட்டு வயல்கள் போன பிறகு ஏரிக்கு வேலையில்லை என்று நினைத்தோம். மதகுக்கு வேலையில்லாமல் போனது உண்மை. உபரி நீரை வழியவிடும் கலங்கலுக்கு வேலை அன்றும் இருந்தது, 2015லும் இருந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இருந்தது.

காசு வாங்குகிறோமே என்பது அரசுத் தரப்பின் பதில். 2007இல் சட்டத்தைத் திருத்தி, பெரிய கட்டடங்களிடம் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் வசூலிக்கிறார்கள். கொள்கையாக இது நியாயம். ஆனால் பணம் மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. கட்டணம் கட்டிய தெருவுக்கு, குடிவரும் தேதிக்குள், குழாய் வரும் என்ற உறுதி அதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தினால் சாலையின் அகலத்துக்கேற்ப 30 முதல் 50 சதவீதம்வரை கூடுதல் தளப்பரப்பு வாங்கலாம். சாலை அகலம் போக்குவரத்துக்கு ஓர் அளவுகோல் ஆகலாம். அடியில் போகும் சாக்கடைக் குழாயின் விட்டத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பணம் திறனைக் கட்டுவதற்கான மூலப்பொருள், அதுவே திறனாகிவிடாது.

வேறு ஊர்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள், தடுமாறியும் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ராமப்போ என்ற ஊர் 1969இல் ஒரு விதி கொண்டுவந்தது. சாக்கடை, வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவை மனைக்கு எந்த அளவுக்குக் கிடைக்கின்றன என்பதற்கு மதிப்பெண். 15 மதிப்பெண் வந்தால்தான் வீட்டுமனைப் பிரிவுக்கு அனுமதி. இல்லாவிட்டால், ஊர் தன் 18 ஆண்டுத் திட்டப்படி வசதிகளைக் கட்டும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது கட்டுபவரே அந்த வசதியைச் செய்து மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுநர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; 1972இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் ஊரின் பக்கம் நின்றது. இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. ஆனால் சாக்கடையும் பள்ளியும் வேறு நிர்வாகங்களின் கையில் இருந்தன. ஊர் வாக்குக் கொடுத்ததை ஊரால் மட்டும் நிறைவேற்ற முடியவில்லை. 1983இல் மதிப்பெண் முறையைக் கைவிட்டார்கள். சென்னையில் குடிநீர் ஒரு வாரியம், மழைநீர் வடிகால் மாநகராட்சி, ஏரி நீர்வளத் துறை, அனுமதி சி.எம்.டி.ஏ. ராமப்போவின் கஷ்டம் நமக்கு அந்நியமானதில்லை.

ஃபுளோரிடா மாநிலம் 1985இல் இதை மாநிலம் முழுமைக்கும் சட்டமாக்கியது. வளர்ச்சியும் வசதியும் உடன்நிகழ வேண்டும், இல்லையேல் அனுமதி கிடையாது. அங்கே எதிர்பாராத ஒன்று நடந்தது. நகரத்துக்குள் சாலைகள் ஏற்கெனவே நெரிசலாக இருந்ததால் அங்கே அனுமதி கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த சாலைகளில் திறன் மிச்சம் இருந்ததால் கட்டுநர்கள் அங்கே போனார்கள். நகரம் தோட்டங்களையும் சதுப்பையும் தின்று பரவியது. 2011இல் சாலை, பள்ளி, பூங்காவுக்கான கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். குடிநீர், சாக்கடை, குப்பை, வடிகாலுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். இந்த அனுபவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எதை அளக்கிறோமோ அதைப் பொறுத்து ஊர் வளரும் திசை மாறும். சென்னையில் காலியான சாலை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் விடை மதுராந்தகத்துப் பக்கமும் திருவள்ளூர்ப் பக்கமும் ஏரிப்பாசன வயல்களைக் காட்டும். சாலைக்கு மாற்று உண்டு. பேருந்து விடலாம், ரயில் விடலாம். வடிகாலுக்கும் குடிநீருக்கும் மாற்று இல்லை. அந்த இரண்டையும் கறாராகவும் மற்றவற்றைக் கால வரையறையோடும் பார்ப்பதே நமக்குப் பொருந்தும் என்பது என் முடிவு.

அமெரிக்க அனுபவத்தில் ஒரு கசப்பும் உண்டு. தாங்காது என்ற சொல்லை, வசதியுள்ள ஊர்கள் ஏழைகளுக்கான சிறு வீடுகளைத் தடுக்கவும் பயன்படுத்தின. நம் ஊரிலும் அது நடக்கலாம். அடுக்ககக்காரர்கள் தங்கள் லாரித் தண்ணீரைப் பற்றிப் பேசாமல், பக்கத்தில் வரும் குடியிருப்பு வாரிய வீடுகளால் சாக்கடை நிரம்பும் என்று மனுப் போடலாம். ஆகவே தாங்காது என்று எழுதும் துறை, எப்போது தாங்கும், அதற்கு எவ்வளவு செலவு, யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். தேதியில்லாத மறுப்புக்கு அதிகாரிக்கு உரிமை கிடையாது.

சி.எம்.டி.ஏ.வின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை, மூன்றாவது எழுதப்படுகிறது. சென்னையைச் சுற்றி இனி வகை மாறப்போகும் வயல்களின் பரப்பு இதுவரை மாறியதைவிடப் பெரிது. அவற்றில் பெரும்பாலானவை ஆளுக்கு 55 லிட்டர் தொட்டியுள்ள ஊராட்சிகளில் இருக்கின்றன. ஒவ்வோர் ஏரிவடிநிலத்துக்கும் ஒரு பதிவேடு திறந்து, அதில் மிச்சத் தண்ணீரும் கலங்கலின் கொள்ளளவும் சாக்கடை ஆலையின் மிச்சமும், அனுமதி கொடுக்கக் கொடுக்கக் கழித்துக்கொண்டே வரும்படி வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. கோடையின் மிக மோசமான வாரத்தையும் மழையின் மிக மோசமான நாளையும் வைத்து எழுதிய எண்கள் அதில் இருக்க வேண்டும். சராசரி ஆண்டை வைத்து எழுதியவை 2015லும் 2019லும் பயன்படவில்லை.

பள்ளிக்கரணை 2022இல் 1,247 ஹெக்டேர் பரப்போடு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்திலும், தாக்கப் பகுதி எது என்று அறிவியல்பூர்வமாக வரையறுக்கும்வரை, புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. உத்தரவு வந்தபோது அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே தெருக்கள் இருந்தன, முன்பணம் கட்டியவர்கள் இருந்தார்கள், பரம்பரை மனையில் இரண்டு அறை கட்டிக்கொள்ளக் காத்திருந்த சிறு குடும்பங்கள் இருந்தன. நிலத்தின் வகையை மாற்றிய ஆண்டில் போட வேண்டிய கணக்கை இப்போது அவர்கள் வாசலில் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.